சுவரின் பிடி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குள் குறுக்கிடும் பென்னலூர், ஏரியையும் நெல் வயலையும் நம்பி வாழ்ந்த எத்தனையோ கிராமங்களில் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், 2010-இல் ரெனோ-நிசானும் 2012-இல் டெய்ம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்ததும், அவற்றிற்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்கூடங்கள் சுற்றிலும் பெருகியதும் பத்திரிகைகளில் விஸ்தாரமாக வெளிவந்த செய்திகள். ஆனால் அந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க வீடு வேண்டியிருந்தது என்பதையும், அவசரமாக எழுந்த அந்த வீடுகளின் சுவர் பழைய சுவராக இல்லை என்பதையும் கவனித்தவர்கள் குறைவு. கவனித்தவர்கள் பெரும்பாலும் எலெக்ட்ரீஷியன்களும் தச்சர்களுமே; அவர்களும் வேலைக்கிடையே முணுமுணுத்ததோடு சரி.

சிறிய அறையில் வாழ்பவனுக்குத் தரை குறைவாகவும் சுவர் அதிகமாகவும் கிடைக்கிறது. சாமி அலமாரி, துணி மாட்டும் கொக்கி, பாத்திரப் பலகை, கண்ணாடி, டெலிவிஷன், கீசர் ஆகிய சகல சம்பத்தும் சுவரைத்தான் தஞ்சமடைகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படி சிப்காட் கட்டி முடித்த குடியிருப்பு திறக்கப்பட்டதென்றால், இவ்வட்டாரத்தில் எவ்வளவு வாழ்க்கை எவ்வளவு குறுகிய இடத்தில் அடங்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். எழுதிய சித்திரத்தை மாட்டுவதற்கும் அந்தச் சுவரையேதான் முதலில் விசாரிக்க வேண்டும். படம் விழுந்தால் ஆணியைக் குறை கூறுவதும், பலகை சரிந்தால் திருகாணி விற்ற கடைக்காரனை நோவதும் நமது வழக்கம். உண்மையில் பாரத்தைத் தாங்குவது ஆணியுமன்று, திருகாணியுமன்று, சுவரே தாங்குகிறது. திருகாணி வெறும் தூதன்.

பென்னலூரின் பழைய பகுதியில் இன்னும் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளின் சுவர், மெல்லிய செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியது. அந்தச் சாந்து ஆணிக்கு வழிவிட்டு இறுகிக் கொள்ளும் அளவுக்கு மிருதுவானது. ஆகையால் கொல்லன் அடித்த முனை சிறுத்த ஆணி ஒன்று நான்கு அடியில் உள்ளே இறங்கி ஒரு தலைமுறைக்கு நின்றது. அதற்கு அடுத்த காலத்து வீடுகள் சேம்பர் செங்கலில், சிமெண்டுக் கலவையில் கட்டப்பட்டவை. நன்றாக வெந்த செங்கல் இன்றைக்கும் துளையிடுபவனின் மனத்துக்கு உகந்த பொருள்; கடினமும் உண்டு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தன்மையும் உண்டு. வாடகைக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஹாலோ பிளாக் புகுந்தது. அதன் முகம் சுமார் 3 செ.மீ. கனமுள்ள சிமெண்டு ஓடு, அதற்கப்பால் வெற்றிடம்.

அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல் வந்ததற்குக் காரணம் சட்டம். அனல்மின் நிலையங்களுக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் செங்கல் செய்பவர்கள் சாம்பலைக் கலந்தாக வேண்டுமென்று மத்திய அரசு 1999-இல் ஆணையிட்டது. 2003-இல் அந்த எல்லை 100 கிலோமீட்டராகவும், 2016-இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. எண்ணூர்ப் பக்கத்து மின் நிலையங்களின் சாம்பல் இவ்விதமாகக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுவர்களுக்குள் வந்து சேர்ந்தது. சாம்பல் கல் வழவழப்பானது, அளவு பிசகாதது; துளையும் அதில் சுத்தமாக விழும். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

விசேஷமாகச் சொல்ல வேண்டியது அடுக்குமாடி வீடுகளில் இப்போது பரவலாகிவிட்ட ஏஏசி பிளாக்கைப் பற்றித்தான். சுவீடன் தேசத்தில் ஜோஹன் ஆக்சல் எரிக்சன் என்ற கட்டட வல்லுநர் 1920-களில் கண்டறிந்த இந்தக் கல்லின் பிறப்பு ஒரு ரசாயன வேடிக்கை. சுண்ணாம்பு, சிமெண்டு, நுண்ணிய மணல் அல்லது சாம்பல் ஆகியவற்றைக் கரைத்த குழம்பில் சிறிது அலுமினியப் பொடியைத் தூவினால், அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்ப, அந்த வாயு லட்சக்கணக்கான சிறு குமிழிகளாகக் குழம்பை உப்ப வைக்கிறது. பாதி இறுகியதும் கம்பியால் அறுத்து, அழுத்தமுள்ள நீராவியில் 180 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேக வைத்தால் கல் தயார். ஒரு கன மீட்டர் சாதாரணச் செங்கற் கட்டுமானம் 1,800 கிலோ அளவுக்கு எடையிருக்க, இந்தக் கல் 600 கிலோ அளவிலேயே நிற்கிறது; நீரில் போட்டால் மிதக்கும். வெயிலையும் நன்றாகத் தடுக்கும். இத்தனை குணங்களுக்கும் ஈடாக ஒரு குறை உண்டு. கான்கிரீட்டு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனுக்கு மேல் அழுத்தத்தைத் தாங்க, இது 3 அல்லது 4 நியூட்டனிலேயே நொறுங்கத் தொடங்குகிறது.

இதற்கு நேர் எதிரான கோடியில் இருப்பது, மைவான் என்று மேஸ்திரிகள் வழங்கும் முறையில் அலுமினிய அச்சுக்குள் சுவரையும் கூரையையும் சேர்த்து வார்த்த முழுக் கான்கிரீட்டுச் சுவர். அதில் சாதாரண ஆணி வளைந்து பறக்கும்; சாதாரண டிரில் சூடேறி அழும். ஆக, ஓட்டு வீட்டில் பிறந்து, லைன் வீட்டில் சம்பாதித்து, அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஒருவன், ஒரே கைப்பழக்கத்தோடு மூன்று வேறு பதார்த்தங்களில் ஆணியடித்துப் பார்த்திருப்பான். மூன்றில் இரண்டு அவனை ஏமாற்றியிருக்கும்.

இனி, பிடிப்பு என்பது என்ன என்று பார்ப்போம். துளையிட்டு, பிளக் என்னும் சிறு குழலைச் செருகி, அதற்குள் திருகாணியை முடுக்கும்போது பிளக் விரிகிறது. விரிய இடமில்லாத காரணத்தால் துளையின் பக்கங்களை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட சுவர் அதே சக்தியோடு திருப்பி நெருக்குகிறது. பிறகு யாராவது திருகாணியைப் பற்றி இழுத்தால், இவ்விரு பரப்புகளுக்கும் இடையிலுள்ள உராய்வே அந்த இழுப்பை எதிர்க்கிறது. உராய்வு, நெருக்கத்தின் அளவுக்கு ஏற்பக் கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இல் வகுத்த விதி, வீட்டில் படம் மாட்டுகிறவனுக்கு அப்படியே பொருந்துகிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: திருப்பி நெருக்கச் சுவருக்குத் திராணியில்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த பிளக்கும் பயன்படாது. ஏஏசி பிளாக்கில் குமிழிகளின் சுவர்கள் நசுங்கி இடம் கொடுத்துவிடும். ஹாலோ பிளாக்கின் வெற்றிடத்தில் நெருக்க ஆளே இல்லை.

நம் முன்னோர்கள் உராய்வை உண்டாக்க மரத்தை நம்பினார்கள். உளியால் சுவரைக் கொத்தி, ஆப்பு வடிவில் சீவிய கட்டையை அடித்து இறக்கி, அதன்மேல் திருகாணி முடுக்கும் வழக்கம், வீடுகளுக்கு மின்சாரம் வந்த காலத்தில் சுவிட்ச் பலகை மாட்டுவதற்காகத் தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தது. அந்தக் கட்டைகள் ஏன் சில வருஷங்களில் ஆடத் தொடங்கின என்பதற்கு மரத்தின் சுபாவமே காரணம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும்; நார் ஓடும் திசையில் இந்த மாற்றம் அற்பமானது, நாருக்குக் குறுக்கே கணிசமானது. பச்சை மரம் முழுவதும் காயும்போது குறுக்கில் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு குறைந்து போவது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிச் சுவரை இறுகப் பற்றிய கட்டை, அடுத்த சித்திரை வெயிலில் காய்ந்து, மயிரிழை அளவு விலகி நிற்கும். உராய்வுக்கு அந்த மயிரிழையே மிருத்யு. நன்றாகக் காய்ந்த தேக்கை உபயோகித்தவர்களுடைய சுவிட்ச் பலகைகள் மட்டும் பிழைத்தன.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களுக்கு அதிகச் சேதமில்லாமல் மின் சாதனங்களைப் பொருத்தும் வேலையை ஏற்ற ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், கொத்திப் பிளந்து கட்டை அடிக்கும் முரட்டு முறை அங்கே செல்லாது என்பதைக் கண்டு, 1911-இல் வேறொரு வழிக்குக் காப்புரிமை கேட்டார். சணல் இழைகளைப் பசையால் பிணைத்துச் சிறு குழலாக்கி, சிறு துளையில் செருகி, அதற்குள் திருகாணியை ஓட்டுவது அவருடைய யுக்தி. திருகாணியின் மரை இழைகளை ஒதுக்கித் துளையின் மேடு பள்ளங்களுக்குள் திணித்தது. அந்த நாளில் உலகத்துக்குச் சணல் விளைந்த இடம் வங்காளம். ஆதலால் மியூசியத்துச் சுவரில் விளக்கைத் தாங்கியதில் நம் நாட்டு உழவனுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. ராலிங்ஸின் பெயரிலிருந்து பிறந்த ராவல் பிளக் என்ற சொல், அவர் யாரென்றே அறியாத நமது ஹார்ட்வேர் கடைகளில் இன்றும் புழங்குகிறது.

இன்று நாம் வாங்குவது சணல் பிளக் அன்று. பூட்டுத் தொழில் பயின்றவரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவருமான ஆர்தர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் 1958-இல் உருவாக்கிய நைலான் பிளக்கின் வாரிசு. நடுவில் பிளந்து, பக்கத்தில் பல் வைத்து, திருகாணியோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் இருக்க இரு சிறு நாக்குகளும் வைத்த அந்தச் சாம்பல் நிற வடிவத்தை ஒருதரம் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் வீணான கோடு ஒன்றுகூட இல்லை. நைலான் இறுக்கத்தை நெடுநாள் விடாது. கடைகளில் கைப்பிடி கணக்கில் அள்ளித் தரும் மலிவான பிளக்குகள் பலவும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓயாத நெருக்கத்துக்கு உள்ளான பிளாஸ்டிக் மெல்ல மெல்ல உருமாறி இளைப்பாறிக் கொள்ளும் தன்மையுடையது. வெப்பம் ஏற ஏற அந்த இளைப்பாறுதல் துரிதமாகும். பிற்பகல் முழுவதும் மேற்கு வெயிலைக் குடிக்கும் சுவரில் மலிவுப் பிளக் வைப்பவர் சில ரூபாயை மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவே.

துளையிடும் கருவியின் முனையில் பற்றவைத்திருக்கும் சிறு சில்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மின்விளக்குக்குள் ஒளிரும் டங்ஸ்டன் இழையை மெல்லிய கம்பியாக இழுப்பதற்கு வைர அச்சு தேவைப்பட்டது. அந்த வைரத்துக்கு மாற்றுத் தேடிய ஜெர்மனியின் ஆஸ்ராம் விளக்குத் தொழிற்சாலையில், கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் 1923-இல் டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு, மிகக் கடினமான ஒரு பொருளைச் செய்தார். விளக்கு செய்யப் பிறந்த அதுவே இப்போது நம் சுவரைத் துளைக்கிறது. கான்கிரீட்டுக்குச் சுழற்சி மட்டும் போதாது. அழுத்தத்துக்கு வீரனாகிய கான்கிரீட்டு, இழுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆகையால் இடைவிடாத சிறு அடிகளால் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கி உதிர்ப்பதே சுலபம். சுத்தியல் படம் பொறித்த குறியில் டிரில்லை வைப்பது இதற்காகத்தான். அதே அடி ஹாலோ பிளாக்கின் ஓட்டைப் பின்புறம் பெயர்த்துவிடும், ஏஏசி பிளாக்கில் 6 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆக்கிவிடும், அவற்றில் சுழற்சி மாத்திரமே போதும்.

எந்தச் சுவர் என்று எப்படித் தெரியும்? பூச்சுக்கும் பட்டிக்கும் வர்ணத்துக்கும் அடியில் எல்லாச் சுவரும் ஒரே முகம்தான். தட்டிப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் பிரத்யட்சப் பிரமாணம் டிரில்லின் அடியில் உதிரும் தூள். ஒரு தாளைப் பாதியாக மடித்துத் துளைக்குக் கீழே பொட்டலம்போல் ஒட்டிவிட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும். முதலில் விழுவது பட்டியின் வெண்மை. அதை நம்பக் கூடாது. அடுத்தது பூச்சின் சாம்பல் நிற மணல். ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ. வரை அதுவே வரும். அதற்குப் பின் வருவதுதான் சுவரின் சுயரூபம். செம்மண் நிறத்தில், விரலில் தேய்த்தால் குங்குமத்தைப்போல் ஒட்டினால் செங்கல். வெளிர் சாம்பல் நிறத்தில் மாவாக, சீராக வந்தால் சாம்பல் கல். வெண்மை நிற்காமல் தொடர்ந்து, டிரில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் ஏஏசி. கொஞ்சம் தூள் வந்தபின் டிரில் திடீரென்று முன்னால் பாய்ந்து, தூள் வருவதும் நின்றுவிட்டால் ஹாலோ பிளாக்கின் வயிற்றில் நுழைந்திருக்கிறோம். கையை அதிரவைக்கும் கருஞ்சாம்பல் தூள் கான்கிரீட்டுக்கு அடையாளம். அங்கே டிரில் மேலே போகாமல் கிறீச்சிட்டு, தூளில் உலோக மினுமினுப்புத் தென்பட்டால் கம்பியைத் தொட்டாயிற்று, இடம் மாற வேண்டும். மணல் மட்டும் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால் செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்து வரியில் இறங்கிவிட்டோம். இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் செங்கலின் உடல் அகப்படும்.

பூச்சின் கனத்தைத் துளையின் ஆழக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் இதனால் விளங்கும். பிளக்கின் உடல் முழுவதும் கல்லுக்குள் அமைய வேண்டும். பூச்சோடு நின்ற பிளக், பூச்சோடு வரும். துளைத்து முடிந்ததும் உள்ளே தங்கிய தூளை ஊதியோ பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்தோ வெளியேற்றுவதைச் சில்லறை விஷயமாக எண்ணிவிட வேண்டாம். பிளக்குக்கும் கல்லுக்கும் நடுவில் தூள் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பற்றாமல் தூளின்மேல் வழுக்கும். ஸ்விட்சுக்கு நேர் மேலேயும், இரண்டு ஸ்விட்சுப் பெட்டிகளுக்கு இடையே ஒரே மட்டத்திலும் துளைப்பது 230 வோல்ட்டைத் தேடிப் போவதாகும். சுவருக்குள் மறைத்த மின்குழாய்கள் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளிலேதான் ஓடுகின்றன.

அளவைப் பொறுத்தவரையில், பிளக்கின் குறுக்களவும் டிரில் முனையின் குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும்: 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. முனை. அதற்கு 4 முதல் 5 மி.மீ. வரையுள்ள திருகாணி பொருந்தும், 8 மி.மீ. பிளக்குக்கு 4.5 முதல் 6 வரை. இவ்வளவு எளிய காரியம் நம் ஊரில் கொஞ்சம் சிக்கலாவதற்குக் காரணம், டிரில் முனையை மில்லிமீட்டரிலும் திருகாணியை நம்பரிலும் அங்குலத்திலும் பலகையை அடியிலும் கேட்டு வாங்கும் நமது சமரச மனப்பான்மை.

பாரம் எவ்வளவு என்று கேட்பவர்கள் அது எந்தத் திசையில் இழுக்கிறது என்று கேட்பதில்லை. சுவரோடு ஒட்டித் தொங்கும் படம் திருகாணியைக் கீழ்நோக்கி வெட்டப் பார்க்கிறது. எஃகு அதற்கு எளிதில் அசையாது. சுவரிலிருந்து வெளியே நீட்டிய பலகை, திருகாணியைச் சுவரைவிட்டுப் பிடுங்கப் பார்க்கிறது. ஓர் அடி அகலமுள்ள பலகையில் 20 கிலோ சாமான் வைத்தால், அதன் எடை சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி இயங்குவதாகக் கொள்ளலாம். தாங்கும் பிராக்கெட்டின் செங்குத்துக் காலின் நீளம் 8 அங்குலமானால், மேல் திருகாணியின் மேல் விழும் பிடுங்கு விசை 20×6÷8, அதாவது 15 கிலோ. அழகாக இருக்கிறதென்று 3 அங்குலக் கால் உள்ள பிராக்கெட்டை வாங்கினால் அதே சாமானுக்கு 40 கிலோ. மடக்கி நீட்டும் டெலிவிஷன் தாங்கியில் விபரீதம் இன்னும் பெரிது: 15 கிலோ பெட்டி சுவரிலிருந்து 40 செ.மீ. நீண்டு நிற்க, தாங்கியின் தகடு 20 செ.மீ. உயரமே இருந்தால், பிடுங்கு விசை 30 கிலோ. பெட்டி மடங்கியிருந்தபோது ஒரு வருஷம் நின்றது, நீட்டிய நாளில் ஏன் விழுந்தது என்பதற்கு விடை இதுவே.

25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. தொட்டியும் சேர்ந்து 35 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். செங்கற் சுவரில் அதற்கு எஃகு ஆங்கர் போல்ட்டே சிறந்தது என்ற அபிப்பிராயம் பலமாக நிலவுகிறது. ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கென்று பிறந்தது. அதன் கூம்பு உள்ளே இழுபடும்போது எஃகு உறை வெகு வலுவாக விரியும். கான்கிரீட்டில் அது பெயர்ந்தால்கூடத் தன்னைச் சுற்றியுள்ள கூம்பு வடிவப் பாளத்தோடுதான் பெயரும். ஆகவே ஆழத்தை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதோடு நில்லாமல் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. செங்கலிலோ, முக்கியமாக அதன் ஓரத்தில், அதே விரிவு கல்லை இரண்டாகப் பிளந்துவிடக் கூடும். செங்கலுக்கு நீண்ட நைலான் பிளக்கும் தடித்த திருகாணியும் மேல். இயலுமானால் லிண்டலையோ பில்லரையோ தேடிப் பிடிப்பது எல்லாவற்றிலும் மேல்.

ஹாலோ பிளாக்குக்கு வேறு உபாயம். ஓட்டைக் கடந்ததும் உள்ளே குடையைப்போல் விரிந்து, ஓட்டின் பின்புறத்தை அணைத்துக் கொள்ளும் டாகிள் போல்ட் அதற்கென்றே உண்டாயிற்று. இங்கே உராய்வுக்கு வேலையில்லை, வடிவமே காரியத்தைச் செய்கிறது. ஏஏசி பிளாக்கில் நீளமான, சுருள் வரி கொண்ட பிளக்கைத் தேட வேண்டும், அல்லது சுவருக்கு மறுபுறம் தகடு கொடுத்து ஊடுருவிய போல்ட்டால் மாட்ட வேண்டும். பரண், கீசர் போன்ற கனமானவற்றுக்கு மறுபுறத் தகடே சரி. ரெசினைப் பீச்சிக் கம்பியை நிறுத்தும் ரசாயன ஆங்கர், விரிவதே இல்லை. குமிழிகளுக்குள் ஊறி இறுகிக் கல்லோடு ஒன்றாகிவிடுவதால், நசுங்கும் சுவருக்கு அது அதிக அனுகூலமானது.

கூரையில் தொங்குபவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். தூளியும் ஊஞ்சலும் இல்லாத வீட்டைத் தமிழர்கள் வீடாகக் கொள்வதில்லை. பழைய வீட்டில் உத்தரம் இருந்தது. இப்போது தளம் வார்க்கும்போதே கம்பியோடு கட்டிவிட்ட கொக்கி இருந்தால் பாக்கியம். இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் பிளக்கை நம்பித் தூளி கட்டுவது கூடவே கூடாது. எடை முழுவதும் பிளக்கை நேராகக் கீழே உருவுவதில் செலவாகிறது. ஊஞ்சலின் கணக்கு இதைவிடக் கடுமை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகைக்கு வீசி ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் கொக்கிகள் உணர்வது 60 கிலோவை அன்று, ஏறக்குறைய 95 கிலோவை. 60 பாகைக்கு ஆடினால் 120 கிலோ. அதுவும் ஒரு தரமல்ல, ஒவ்வொரு வீச்சுக்கும் இருமுறை. ஜிப்சம் பலகைப் பொய்க் கூரையில் கொக்கி மாட்ட நினைப்பவர்களுக்கு இங்கே புத்தி சொல்ல இடமில்லை.

குளியலறையில் எதிரி வேறு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது; அடைபட்ட இடத்தில் பெருகும் எதுவும் சுற்றியுள்ளதைப் பிளக்கும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைக் கட்டிய கிரேக்கச் சிற்பிகள், பளிங்குப் பாளங்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். அவை இருபது நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைச் செப்பனிட்ட பலானோஸ் என்ற பொறியாளர் ஈயமில்லாமல் வெறும் இரும்பைப் பதித்தார். சில பத்தாண்டுகளுக்குள் அந்த இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்துவிட்டது. இப்போது அதற்குப் பதிலாக டைட்டானியம் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். பென்னலூரில் டவல் கம்பிக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போதும். டைல்ஸின்மேல் துளைக்கும்போது, அதைத் தாண்டும்வரை சுத்தியல் குறியைத் தொடாமலிருந்தால் டைல்ஸும் பிழைக்கும்.

தளர்ந்துபோன துளையில் தீக்குச்சியைத் திணித்துத் திரும்ப முடுக்குவது சர்வ சாதாரணமான வழக்கம். அது பழைய கட்டையின் கதையேதான், அடுத்த வெயில் வரைக்கும் நிற்கும். செங்கலானால் துளையை அடுத்த அளவுக்குப் பெருக்கி, 6-க்குப் பதில் 8 மி.மீ. பிளக்கை வைக்கலாம். கல்லே நொறுங்கியிருந்தால் துளையை நனைத்துச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி, ஒரு வாரம் ஈரம் காத்து, பிறகு துளைக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள், பழைய துளையைப் பட்டியால் மூடிவிட்டு, பிளக்கின் நீளத்தைப்போல் இரண்டு பங்காவது தள்ளிப் புதிதாகத் துளைப்பது உத்தமம்.